பறை என்றால் என்ன? ஆயிரம் வருஷமாக அர்த்தம் சொல்லித் தீராத முப்பது பாட்டு

இங்கிலீஷ் ராக் பாட்டு கேட்பவர்களுக்குத் தீராத ஒரு பொழுதுபோக்கு உண்டு. பாட்டுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது. 1971-ல் வந்த லெட் ஸெப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்', 1975-ல் வந்த குயின் குழுவின் 'போஹிமியன் ராப்ஸடி', 1976-ல் வந்த ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிபோர்னியா' ஆகிய மூன்றுக்கும் கேட்பவர்கள் சொல்லாத விளக்கம் இல்லை. 'அந்த ஹோட்டல் எது?' என்று எங்கள் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் விடிய விடிய வாதம் நடந்திருக்கிறது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்பான் ஒருவன், போதை மருந்து என்பான் இன்னொருவன். எழுதியவர்களே பேட்டியில் விளக்கம் சொன்ன பிறகும் வாதம் ஓயவில்லை. பீட்டில்ஸின் ஜான் லெனான் இதைப் பார்த்து எரிச்சலானவர். தான் படித்த பள்ளியில் பீட்டில்ஸ் பாட்டுகளை வகுப்பில் அலசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரும் அர்த்தம் சொல்ல முடியாதபடி 1967-ல் வேண்டுமென்றே ஒரு பாட்டு எழுதினார். அதற்கும் அர்த்தம் சொல்லி முடித்துவிட்டார்கள்.

இவர்களுக்கு ஐம்பது அறுபது வருஷ அனுபவம். இராஜபாளையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லாத ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே வேலை ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. ஆண்டாள் எழுதிய திருப்பாவை, மொத்தம் முப்பதே பாட்டு. ஒரு பாட்டு ஏன் நீடிக்கிறது, அர்த்தம் சொல்வதால் அது வளர்கிறதா தேய்கிறதா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சோதனைப் பொருள் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பக்தி விளக்கத்துக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பாட்டைப் பாட்டாகப் பிரித்துப் பார்த்த குறிப்புகளை மட்டும் இங்கே வைக்கிறேன்.

முதலில் கட்டுமானம்

கதை எளிமையானது. மார்கழி மாதம், விடியலுக்கு முன், ஆயர்பாடிச் சிறுமிகள் நோன்புக்குக் கிளம்புகிறார்கள். முதல் ஐந்து பாட்டில் அழைப்பு, நோன்பு விதி, மழை வேண்டல் எல்லாம் வருகின்றன. ஆறிலிருந்து பதினைந்து வரை பத்துப் பாட்டில் தூங்கும் தோழிகளை வீடு வீடாகப் போய் எழுப்புகிறார்கள். பதினாறில் நந்தகோபன் வீட்டு வாயில்காப்போன். பதினேழில் நந்தகோபன், யசோதை, பலதேவன். பதினெட்டு முதல் இருபது வரை நப்பின்னை. அதற்குப் பிறகுதான் கண்ணன் எழுந்து வருகிறான். இருபத்துநாலில் அவனுக்கு வாழ்த்து. அப்புறம் இவர்கள் கேட்க வந்ததைக் கேட்கிறார்கள். முப்பதாவது பாட்டில் எழுதியவர் தன் பெயரையும் ஊரையும் தந்தையையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டு முடிக்கிறார்.

இந்த நோன்பு ஆண்டாளின் கற்பனை இல்லை. மார்கழித் திருவாதிரையில் பெண்கள் வைகையில் நீராடும் 'அம்பா ஆடல்' பற்றிப் பரிபாடலின் பதினோராம் பாட்டு சொல்கிறது. பாகவத புராணத்தில் கோபிகைகள் மார்கழியில் காத்யாயனி நோன்பு இருக்கிறார்கள். மாணிக்கவாசகரின் திருவெம்பாவையிலும் இதே விடியல், இதே எழுப்பும் பாட்டு, 'ஏலோரெம்பாவாய்' என்ற இதே முடிப்பு. ஆக, ஊரில் பெண்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த ஒரு வகைப் பாட்டை எடுத்துத்தான் இரண்டு பேரும் எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்த முடிப்புச் சொல்லுக்கே இன்றுவரை ஒரே அர்த்தம் கிடையாது. 'ஏல்', 'ஓர்' இரண்டும் வெறும் அசைச்சொல், 'எம் பாவாய்' என்பது மட்டும் விளி என்பது ஒரு கட்சி. 'ஏற்றுக்கொள், எண்ணிப்பார், எங்கள் பாவையே' என்று பிரிப்பது இன்னொரு கட்சி. முப்பது தடவை வரும் சொல்லுக்கு அர்த்தம் முடிவாகவில்லை, அதனால் பாடுபவர் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. பல்லவியின் வேலை அர்த்தம் சொல்வதல்ல, எல்லாரையும் ஒரே இடத்தில் வந்து சேரவைப்பதுதான் என்பது ராக் கச்சேரியில் கூட்டத்தோடு கத்தியவர்களுக்குத் தெரியும்.

பறைக்கு ஒரு கணக்கு

இனி நான் தலைப்பில் வைத்த கேள்வி. சிறுமிகள் கண்ணனிடம் கேட்பது 'பறை'. பறை என்றால் கொட்டும் வாத்தியம். நோன்புக்கு வாத்தியம் வேண்டும், கேட்கிறார்கள், அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் உரைகாரர்கள் விடவில்லை. பறை என்பது 'வேண்டிய பொருள்', இன்னும் சொன்னால் இறைவனுக்குச் செய்யும் கைங்கரியம் என்கிறார்கள். 'பாட்டில் இல்லாததைப் பண்டிதர்கள் திணித்துவிட்டார்கள்' என்று ஒரு நண்பர் இதை அடிக்கடி குறை சொல்வார். சரி, எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முப்பது பாட்டில் பதினொரு பாட்டில் பறை வருகிறது: 1, 8, 10, 16, 24, 25, 26, 27, 28, 29, 30. இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் இருபத்துமூன்று பாட்டில் நாலே இடம். கண்ணன் எழுந்து வந்த பிறகு, கடைசி ஏழு பாட்டில் ஒன்றுகூட விடாமல் வருகிறது. கதவுக்கு வெளியே இருக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொன்னதை, ஆள் எதிரே வந்ததும் விடாமல் கேட்கிறார்கள். குழந்தைகள் கடைவாசலில் நின்று கேட்கிற மாதிரி.

அர்த்தம் எங்கே மாறுகிறது என்றும் பார்க்கலாம். பதினாறில் ஒலிக்கும் பறை, சந்தேகமில்லாமல் வாத்தியம். இருபத்தாறில் ஒரு பட்டியலே போடுகிறார்கள்: சங்கு, பெரிய பறை, பல்லாண்டு பாடுபவர்கள், விளக்கு, கொடி, விதானம். ஆறும் ஊர்வலத்துக்கு வேண்டிய சாமான்கள். இங்கேயும் பறை வாத்தியம்தான். ஆனால் இருபத்தொன்பதில் அந்தச் சிறுமிகளே திரும்பி, 'நாங்கள் வந்தது இந்தப் பறைக்காக இல்லை' என்ற பொருளில் சொல்லிவிடுகிறார்கள். எத்தனை பிறவி எடுத்தாலும் உன்னோடு உறவும், உனக்குச் செய்யும் சேவையும்தான் வேண்டும், மற்ற ஆசைகளை மாற்றிவிடு என்கிறார்கள்.

இருபத்தெட்டு பாட்டு வரைக்கும் கட்டிவந்த பொருளை இருபத்தொன்பதாவது பாட்டு ஒரே தட்டில் கவிழ்த்துவிடுகிறது. அப்படியானால் வாத்தியம் என்று படித்தவனும் சரி, வேறு ஏதோ என்று படித்தவனும் சரி. கைங்கரியம் என்ற விளக்கத்துக்கு வித்து பாட்டிலேயே இருக்கிறது. உரைகாரர்கள் செய்தது, கடைசியில் வந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு முதல் பாட்டிலிருந்து திரும்பப் படித்தது. நல்ல கதையை இரண்டாம் முறை படிக்கும்போது நாமும் அதைத்தானே செய்கிறோம்?

இதே மாதிரி இன்னொரு கண்ணி இரண்டாம் பாட்டுக்கும் இருபத்தேழாம் பாட்டுக்கும் நடுவே இருக்கிறது. இரண்டில் நெய் சாப்பிட மாட்டோம், பால் குடிக்க மாட்டோம், மை இட மாட்டோம், பூ முடிக்க மாட்டோம் என்று விரதம் தொடங்குகிறது. இருபத்தேழில் நகையெல்லாம் பூட்டிக்கொண்டு, புதுப்புடவை உடுத்தி, நெய் முழங்கை வரை வழியும் பால்சோற்றை எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கொடுத்த கடன் வட்டியோடு திரும்புகிறது. மார்கழி 27-ஆம் தேதி கூடாரவல்லி அன்று வைணவ வீடுகளில் அக்காரவடிசில் பண்ணுவது இதனால்தான். விளக்கம் எதுவும் தெரியாத வீட்டுக் குழந்தைக்கும் அந்தப் பாட்டின் அர்த்தம் நாக்கில் தெரியும்.

ஒரு சீருக்கு இருநூறு எழுத்து

திருப்பாவைக்குப் பெரியவாச்சான்பிள்ளை எழுதிய உரை மூவாயிரப்படி. அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் எழுதியது ஆறாயிரப்படி. ஆய் ஜனன்யாசாரியர் ஈராயிரப்படி, நாலாயிரப்படி என்று இரண்டு எழுதியிருக்கிறார். 'படி' என்பது முப்பத்திரண்டு எழுத்து கொண்ட ஒரு அளவு. இன்றைய பாஷையில் ஃபைல் சைஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரைக்குப் பெயரே அதன் நீளம்தான்.

பெயர்க் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆறாயிரப்படி 1,92,000 எழுத்து. திருப்பாவை ஒரு பாட்டுக்கு எட்டு அடி, அடிக்கு நான்கு சீர். ஆக ஒரு பாட்டுக்கு 32 சீர், முப்பதுக்கும் சேர்த்து 960 சீர். வகுத்துப் பார்த்தால் ஒரு சீருக்கு இருநூறு எழுத்து விளக்கம்! இன்றைக்கு எந்த ராக் ரசிகரும் இந்த அளவுக்கு இறங்கியிருக்க மாட்டார்.

இவ்வளவு எழுத என்ன இருக்கிறது? எழுப்பும் பத்துப் பாட்டை எடுத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் அது கிண்டல். பத்து வீடு, பத்து விதமான தூக்கம். ஒருத்தியின் அம்மாவிடம் 'உங்கள் பெண் என்ன ஊமையா, செவிடா, சோம்பேறியா, மந்திரம் போட்டுவிட்டார்களா?' என்று கேட்கிறார்கள். இன்னொருத்தியிடம் 'கும்பகர்ணன் தோற்றுப்போய் தன் தூக்கத்தை உன்னிடம் கொடுத்துவிட்டானா?' என்கிறார்கள். 'நான்தான் வந்து உங்களை எழுப்புவேன்' என்று முதல்நாள் ஜம்பம் அடித்தவள் பதினாலாம் பாட்டில் இன்னும் எழுந்திருக்கவில்லை. பதினைந்தாவது முழுக்க உள்ளே இருப்பவளும் வெளியே இருப்பவர்களும் பேசிக்கொள்ளும் வாக்குவாதம். மார்கழிப் பனியில் வாசலில் நிற்கும் பெண்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே. உரைகாரர்கள் இந்தப் பத்துப் பெண்களும் பத்து ஆழ்வார்கள் என்கிறார்கள்.

இங்கேதான் என் நண்பரின் குறைக்கு மறுபடி வரவேண்டும். கிண்டலைத் தத்துவமாக்கினால் கிண்டல் செத்துவிடாதா? செத்திருக்கலாம். ஆனால் உரை தனியாகவும் பாட்டு தனியாகவும் இருந்ததால் பிழைத்தது. வீட்டுப் பெண்கள் உரையைப் படிக்காமலே பாடினார்கள். உரையைப் படித்தவர்கள் பாட்டின் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. எழுதுகிற ப்ரோகிராமில் விளக்கக் குறிப்பை எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஓடுகிற வரியைத் தொடக்கூடாது என்று நாங்கள் புதுப் பையன்களுக்குச் சொல்வோம். வைணவ ஆசாரியர்கள் அதை மணிப்பிரவாள காலத்திலேயே ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

உரையையும் மேடையேற்றும் வழக்கம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில்களில் நடக்கும் அரையர் சேவையில், கூம்புக் குல்லாய் அணிந்து கையில் தாளத்தோடு அரையர் பாசுரத்தை இசைப்பார், அபிநயம் பிடிப்பார், பிறகு அதற்கான வியாக்கியானத்தையும் சொல்வார். பாட்டு, நடிப்பு, பொழிப்புரை மூன்றும் ஒரே நிகழ்ச்சி. அர்த்தம் சொல்வதே ஒரு கலையாக இருந்த இடம் இது.

வெள்ளியும் வியாழனும்

பாட்டை வரலாற்றுச் சான்றாகப் படிக்கிற வழியும் உண்டு. பதின்மூன்றாம் பாட்டில் வெள்ளி எழுந்துவிட்டது, வியாழன் தூங்கப் போய்விட்டது என்று ஒரு செய்தி வருகிறது. அதாவது கிழக்கில் வெள்ளி உதிக்கும்போது மேற்கில் வியாழன் மறைகிறது. மு. இராகவையங்கார் 'ஆழ்வார்கள் காலநிலை' நூலில் இதை வைத்துக் கணக்கிட்டு ஆண்டாள் பாடிய வருஷம் கி.பி. 731 என்றார். இதே செய்தியை வைத்து வேறு வருஷங்களுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஏன் ஒரே விடை வரவில்லை என்பது கொஞ்சம் யோசித்தால் புரியும். வெள்ளி சூரியனைவிட்டு சுமார் 47 டிகிரிக்கு மேல் விலகாது. அது உதிக்கும்போது வியாழன் மறையவேண்டும் என்றால், வியாழன் சூரியனுக்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கம் இருக்கவேண்டும். அதுவும் மார்கழியில். வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவர சுமார் 12 வருஷம். மார்கழி விடியலில் வெள்ளி இருக்கும் நிலை 8 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும். இரண்டும் பொருந்தி வருவது அடிக்கடி நடக்காது, ஆனாலும் ஒரு நூற்றாண்டில் ஒரு தடவைக்கு மேல் வந்துவிடும். முதல் பாட்டில் சொல்லும் முழுநிலவு அதே நாள் என்று சேர்த்துக்கொண்டால் வடிகட்டி இன்னும் இறுகும், ஆனால் பாட்டு அப்படிச் சொல்லவில்லை. எந்த நூற்றாண்டு என்பதை வேறு சான்றுகளால் முடிவு செய்துவிட்டு வந்தால்தான் இந்தக் கணக்கு வருஷத்தைக் கொடுக்கும்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. காலக்கணக்குக்காக அந்தப் பெண்கள் வானத்தைப் பார்க்கவில்லை. 'விடிந்துவிட்டது, எழுந்திருடி' என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கடிகாரம் இல்லாத ஊரில் பெண்பிள்ளைகளுக்குக் கிரகம் தெரிந்திருக்கிறது.

ஒரே கை, இரண்டு தலைவிதி

இப்போது நீடிப்புக்கு வருவோம். ஆண்டாள் எழுதியது இரண்டு நூல். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. ஒரே ஆள், ஒரே ஊர், ஒரே கடவுள். கவிதை என்று பார்த்தால் நாச்சியார் திருமொழி ஒருபடி மேல் என்று சொல்லும் வாசகர்கள் நிறையப் பேர், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் முப்பதும் வீடுதோறும் கேட்கிறது. நூற்று நாற்பத்து மூன்றில் பொதுவழக்கில் இருப்பது, வைணவக் கல்யாணங்களில் பாடும் திருமணக் கனவுப் பத்து ஒன்றுதான். மற்றது கோயில் கோஷ்டியிலும் புத்தகத்திலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மூன்று வித்தியாசம் தெரிகிறது.

முதலாவது, திருப்பாவையில் 'நாம்', அதில் 'நான்'. ஒருத்தியின் விரகத்தை ஊர் கூடிப் பாட முடியாது. கூச்சம் வரும். தோழியை எழுப்புவதை யாரும் பாடலாம், ஆறு வயசுப் பிள்ளையும் பாடலாம்.

இரண்டாவது, காலண்டர். முப்பது பாட்டு, மார்கழிக்கு 29 அல்லது 30 நாள். தினம் ஒன்று என்று மாதத்தோடு பின்னிப்போனதால் பாட்டை நினைவில் வைக்க யாரும் தனியாக முயற்சி எடுக்க வேண்டியதில்லை. மாதம் வந்து ஞாபகப்படுத்தும். திருமலையிலும் இந்த மாதம் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவைதான் ஒலிக்கிறது.

மூன்றாவது, வடிவம். எட்டடிக்கும் ஒரே எதுகை, ஒரே முடிப்பு. முதல் அடி நினைவுக்கு வந்தால் மீதி ஏழும் கயிறு பிடித்துக்கொண்டு வரும்.

கவனியுங்கள், இந்த மூன்றில் மெட்டு இல்லை. ராக் பாட்டு ரெக்கார்டோடு பிறக்கிறது. அந்த கிட்டாரை எடுத்துவிட்டால் பாதி போய்விடும். திருப்பாவைக்கு இன்று கச்சேரிகளில் கேட்கும் மெட்டு இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தது. முதல் ஐந்து பாட்டுக்கும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று தியாகராஜரின் பஞ்சரத்ன ராகங்களையே அதே வரிசையில் வைத்தார். எம்.எல். வசந்தகுமாரி பாடி அதை ஊரெல்லாம் கொண்டுசேர்த்தார். இன்று பலருக்கும் முதல் பாட்டு என்றால் காதில் நாட்டைதான். ஆனால் நாட்டை வருவதற்கு முன்னும் பாட்டு இருந்தது, நாட்டை போனாலும் இருக்கும்.

அர்த்தமே இல்லாமல் பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பாங்காக்கில் 1784-ல் நட்ட ராட்சத ஊஞ்சல் ஒன்று உண்டு. அங்கே அரசவைப் பிராமணர்கள் நடத்திய விழாவுக்குப் பெயர் திரியம்பாவை, திரிபாவை. முதலாவது சிவனுக்கு, இரண்டாவது விஷ்ணுவுக்கு. ஊஞ்சலாட்டம் 1935-ல் நின்றுபோனது, விழாச் சடங்கு தொடர்கிறது. அவர்கள் ஓதுவது உருமாறிப்போன தமிழ்த் திருமுறைப் பாடல்கள். ஓதுபவர்களுக்கு அர்த்தம் தெரியாது, நாம் கேட்டாலும் சட்டென்று பிடிபடாது. ஓசை பிழைத்தது, பெண்கள் போய்விட்டார்கள். அது ஒரு எல்லை.

வடக்கே இன்னொரு எல்லை. விஜயநகரத்தின் கிருஷ்ணதேவராயர் ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்று பெருங்காவியமாக எழுதினார். சூடிக்கொடுத்தவள் என்பதுதான் தலைப்பின் பொருள். அங்கே கதை போனது, ஊர்கூடப் போனது, வில்லிபுத்தூர் தெருக்கள் காவியத்தில் வருகின்றன. பாட்டு போகவில்லை. இராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்களும் மார்கழியில் பாடுவது தமிழ்த் திருப்பாவையைத்தான்.

2018 ஜனவரியில் இராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி ஆற்றிய உரையும், அதில் ஒரு மேற்கோளையொட்டி எழுந்த போராட்டங்களும், அவர் வருத்தம் தெரிவித்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. அந்த மாதம் தமிழ்நாடே ஆண்டாளின் பிறப்பைப் பற்றிப் பேசியது. அது மார்கழி மாதம். ஆனால் பறை என்றால் என்ன, அந்தப் பெண்கள் ஏன் கடைசியில் மனசை மாற்றிக்கொண்டார்கள் என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. எழுதியவர் யார் என்ற சண்டை சூடாக இருக்கும்போது, எழுதியது என்ன என்ற பேச்சு நின்றுபோகிறது. பழைய உரைகாரர்கள் ஒரு சீருக்கு இருநூறு எழுத்து செலவழித்தவர்கள். நாம் முப்பது பாட்டையும் சேர்த்து ஒரு நாளாவது வாய்விட்டுப் படிக்கிறோமா?

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. காஞ்சிபுரம் பி.ப. அண்ணங்கராசாரியரின் 'திவ்யார்த்த தீபிகை' உரை இன்றைய வாசகருக்கும் எட்டும் நடையில் இருக்கிறது. ஆனால் முதல் தடவை உரை இல்லாமல், முப்பதையும் ஒரே மூச்சில் படியுங்கள். அரைமணி நேரம்தான் ஆகும். இருபத்தொன்பதில் பாட்டு திரும்பும் இடம் வரும்போது நீங்களே நிற்பீர்கள். அதற்கு அப்புறம் உரையைத் திறக்கலாம்.